அளக்க வந்தவர்

தெருமுனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டதும் சுடலைவடிவு கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். சாரம்மாள் தன் புது ஸ்கூட்டியைச் சுவரோரம் தள்ளி, மேலே உளுந்துச் சாக்கைப் போர்த்தினாள்.

கல்லிடைக்குறிச்சியில் இருபது பெண்களை வைத்து அப்பளக் கம்பெனி நடத்தும் சபீதா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கண் வானத்தின் மேலேயே இருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் அப்பளம் காயாது. போன வருஷ மழைக்குக் கம்பெனியை மூடியதில் பட்ட அடியே இன்னும் ஆறவில்லை. இந்த வருஷமும் மூடினால் திறக்கவே முடியாது.

காரில் வந்தவர் குமரகுருபரன். சமூகத் தொழில்களுக்கு உதவும் சென்னை அறக்கட்டளை ஒன்று, இந்தக் கம்பெனியால் பெண்களின் வாழ்க்கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து வர அவரை அனுப்பியிருந்தது. அவர் மனசு வைத்தால் அப்பளம் உலர்த்தும் எந்திரம் கிடைக்கும்.

"மதியத்துக்குள்ள திசையன்விளை போகணும்மா. அங்க முருங்கை இலை காய வைக்கிறவங்களும் இதே எந்திரத்தைத்தான் கேக்குறாங்க. பாவம், ரொம்பக் கஷ்டமாம். எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான்" என்றபடி உட்கார்ந்தார்.

சபீதா மறுபடியும் வானத்தைப் பார்த்தாள். எப்பாடுபட்டாவது அவர்களை முந்திவிட வேண்டும்.

"இங்க வேலைக்கு வந்தப்புறம் வாழ்க்கை எப்படிம்மா இருக்கு?" என்று சுடலைவடிவிடம் கேட்டார் அவர்.

"என்னத்தச் சொல்ல, ஏதோ ஓடுது."

"முன்னைக்கு இப்ப மாற்றம் ஏதாவது?"

"மாத்தமா? அன்னைக்கும் கஞ்சி, இன்னைக்கும் கஞ்சி."

சாரம்மாளும் அதே பாட்டைப் பாடினாள். குமரகுருபரன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு டேப்லெட்டில் தட்டினார். சபீதா சுடலைவடிவை முறைத்தாள். அடிப்பாவி, போன மாதம் புதுவீடு குடிபோய் ஊருக்கே பாயசம் ஊற்றினவள்தானே இந்தச் சுடலைவடிவு. அவளை மாவு அறைக்குள் இழுத்துப் போனாள்.

"ஏங்க்கா இப்படி வாயில மண்ணள்ளிப் போடுதிய? ஒரு மாத்தமும் இல்லேன்னா எந்திரம் நமக்கு எப்படி வரும்?"

"எம்மா, அசலூர்க்காரன்ட்டப் போயி நல்லா இருக்கோம்னு சொன்னா கண்ணு படும். இருக்கதும் போயிரும்."

"கண்ணாவது மூக்காவது. இருபது வீட்டு அடுப்பு இதுலதான் எரியுது. உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், உள்ளதச் சொல்லுங்க."

சொன்னதோடு நிற்காமல் நிஜமாகவே குனிந்துவிட்டாள். சுடலைவடிவு பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

வெளியே வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து வளையலை மாட்டிக்கொண்டாள். "ஐயா, இது நான் ஒழைச்சு வாங்குனது. ஓலைக் குடிசையில கெடந்தேன், இப்பம் காரை வீடு. மவ சேரன்மகாதேவியில காலேசு படிக்கா."

அப்புறம் யாரை நிறுத்த முடியும்? சாரம்மாள் சாக்கை உருவி ஸ்கூட்டியைக் காட்டினாள். பீடி சுற்றி இருமின இருமல் இப்போது இல்லை என்றாள் ஒருத்தி. ஓடிப்போன புருஷன் திரும்பி வந்து சோறு பொங்குகிறான் என்று வெட்கத்தோடு சொன்னாள் இன்னொருத்தி. குமரகுருபரனின் விரல் ஓயவில்லை. சபீதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"பிரமாதம்மா. இவ்வளவு மாற்றத்தை நான் எங்கயும் அளந்ததில்லை" என்று எழுந்து கைகூப்பினார் அவர்.

"எந்திரம் எப்பம் சார் வரும்?"

"எந்திரமா?" அவர் சிரித்தார். "நீங்கதான் சொந்தக் கால்ல நின்னுட்டீங்களேம்மா. இனி எங்க உதவி உங்களுக்கு எதுக்கு? அது திசையன்விளைக்குப் போகட்டும்."

கார் போய்விட்டது. சபீதா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த அப்பளங்களின் மேல் முதல் தூறல் விழ, பெண்கள் பாய்களைத் தூக்க ஓடினார்கள்.

சுடலைவடிவு மட்டும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வளையலைக் கழற்றி மறுபடியும் முந்தானையில் முடிந்தாள்.

"நாந்தான் சொன்னேம்லாம்மா, கண்ணு படும்னு."