மகாராஜாவின் கார்டு

“உன் பேரு இன்னாபா?”

மூன்றாவது தடவை. பேச்சிராஜுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சீட்டுப் போடும் இடத்தில் கேட்டார்கள், சொன்னான். டாக்டர் அறை வாசலில் இதே நர்ஸம்மா கேட்டார், சொன்னான். இப்போது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டால் மனுஷன் என்னதான் செய்வான்?

“மகாராஜா. அதான் சொன்னம்லாக்கா.”

“பொறந்த தேதி?”

“பன்னெண்டு, ஆறு, தொண்ணூத்தெட்டு.”

ஷேர் ஆட்டோவில் வரும்போதே மனப்பாடம் செய்தது.

மகாராஜா அவனுடைய ரூம்மேட். பிள்ளைப்பாக்கத்தில் ஒரே ரூமில் ஆறு பேர். அதில் மகாராஜா ஒருவன்தான் பர்மனென்ட், கம்பெனி மெடிக்கல் கார்டும் அவனிடம் மட்டும்தான். கான்ட்ராக்டில் இருக்கிற பேச்சிராஜுக்கு கார்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கம்பெனி லைனில் தகடு கிழித்த கால் நாலு நாளில் பூசணிக்காயாக வீங்கி, காய்ச்சல் தூக்கிப் போட்டபோது, மகாராஜாதான் கார்டை அவன் கையில் திணித்தான்.

“போட்டோ கிடையாதுல, நம்பர் மட்டுந்தான். எது கேட்டாலும் என்னைய மாதிரியே சொல்லு. மாட்டுன, என் வேலை போயிரும்.”

நர்ஸ் சாரதாவின் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. அவன் இடது சட்டைக் கையைச் சுருட்டி, மணிக்கட்டு வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“எந்த ஊசியாச்சும் ஒத்துக்காம போயிருக்குதா?”

பேச்சிராஜுக்குப் பழசு ஞாபகம் வந்தது. ஏழாவது படிக்கும்போது ஊரில் ஏதோ ஒரு ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரும்பாடு. இந்த மருந்து இவனுக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்த சீட்டு அம்மாவிடம் இருக்கிறது. மருந்தின் பேர் அவனுக்குத் தெரியாது.

சொன்னால் கார்டோடு ஒத்துப்போகாதே!

“எல்லாம் ஒத்துக்கும்க்கா.”

பக்கத்து மேஜை நர்ஸ் மோகனப்ரியா எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா இவ்ளோ நேரம்? பிப்ரவரில இதே ஊசி போட்டு ஒத்துக்கிச்சுன்னு கம்ப்யூட்டர்லயே கீது. டெஸ்ட் வேணாம்னு டாக்டரே எழுதிட்டாரு. போட்டு அனுப்புக்கா, வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க.”

“இரும்மா. தம்பி, உன் பேரு இன்னா?”

நாலாவது தடவை!

“எக்கா, தெக்கத்திக்காரன்னா அவ்வளவு எளக்காரமா? திருடன்ட்ட கூட இப்படிக் கேக்க மாட்டாவ. போடுறதுன்னா போடுங்க!”

கையை நீட்டினான். ஒரு பக்கம் தன் உயிர், இன்னொரு பக்கம் சினேகிதன் வேலை. பாவம், வேலையைத்தான் பெரிதாக நினைத்தான்.

சாரதா ஊசியைக் கீழே வைத்தார். திரையை இழுத்து மூடினார்.

“பிப்ரவரில மகாராஜாவுக்கு இந்தக் கையில எட்டுத் தையல் போட்டோம். பிரிச்சதே நான்தான். உன் கையில ஒரு கீறல் கூட இல்லையே.”

பேச்சிராஜ் உடைந்து போனான். “அவன் வேலை போயிரும்க்கா. யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

“அவன் வேலைய அப்புறம் பாக்கலாம். உனக்கு எது ஆவாது? அத்த சொல்லு.”

சொன்னான். சாரதா தன் செல்லையே எடுத்து நீட்டினார். “உங்கம்மாவுக்குப் போன் போடு.”

அம்மாவுக்குச் சீட்டே தேவைப்படவில்லை. பத்து வருஷமாக மனப்பாடம். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

சாரதா மேஜையில் இருந்த ஊசியைப் பார்த்தார். அதே மருந்து. எடுத்துக் குப்பை டப்பாவில் போட்டார். மகாராஜா பேரில் இருந்த சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, வெள்ளைச் சீட்டு ஒன்றில் பேச்சிராஜ் என்று எழுதினார். “டாக்டராண்ட நான் பேசிக்கிறேன். வேற மருந்து போடலாம்.”

பேச்சிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “திட்டிட்டேன்க்கா, மன்னிச்சிருங்க. தையல் இல்லைன்னு பார்த்தப்பவே பிடிச்சிருக்கலாம்லா? எதுக்குத் திரும்பத் திரும்பப் பேரு கேட்டீங்க?”

“நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னுதான்.” சாரதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “போன வருஷம் இதே கட்டில்ல உன் வயசுப் புள்ள ஒண்ணு, வேறொருத்தன் கார்டோட வந்திச்சி. போட்ட ஊசி ஆவாம பூட்ச்சி. கார்டுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணி, உயிரோட இருக்கறவனோட அம்மாவ அழ வெச்சோம். செத்த புள்ளைக்கு அம்மா யாருன்னு ரெண்டு நாள் தெரியல.”

புதுச் சீட்டை அவன் கையில் வைத்தார்.

“அந்தப் புள்ளகிட்ட நான் ஒரு தடவதான் பேர் கேட்டேன்.”