ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர்

“இருபதாயிரம் லிட்டர் தண்ணிங்க இது. உங்க ஃபிளாஸ்க்ல இருக்கறது ஒரு லிட்டர். எப்படிங்க சூடாகும்?”

நீச்சல் பயிற்சியாளர் மாதேஸ்வரன் மூன்றாவது வாரமாக இதையேதான் கேட்கிறார்.

வெண்மதி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். குழந்தைகள் குளத்தின் படியருகே குனிந்து, ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்தாள். கையால் நன்றாகக் கலக்கினாள். முழங்கால் வரை இறங்கி நின்று பார்த்தாள்.

“வெதுவெதுன்னு ஆயிருச்சு கண்ணு. வா.”

கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கிய ஐந்து வயது கவிப்பிரியா, ஒரு விரலை மட்டும் நீரில் விட்டாள்.

“ம்... இப்பப் பரவால்ல” என்று பெரிய மனுஷி போல இறங்கினாள்.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. பென்னாகரம் ரோட்டிலிருந்த அந்தக் குளத்தில் யாருக்குத்தான் குளிரவில்லை? ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு பெரியவர் ஒருவரும் தண்ணீரில் நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் அப்பா அம்மாக்களின் பற்களும் தந்தியடித்தன.

“அப்படியே ரெண்டு ஸ்பூன் டீத்தூளும் போட்டுருங்க. ஆளுக்கொரு டம்ளர் குடிக்கலாம்” என்றார் மகனைப் பிடித்துக்கொண்டு நின்ற மரிய ஆனந்த்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகன் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்பா, எனக்கும் சுடுதண்ணி!”

“எனக்கும்!” “எனக்கும்!” என்று குளம் முழுக்க அழுகை கிளம்பியது.

மாதேஸ்வரனுக்குப் பொறுமை போயிற்று.

“ஏங்க, பிள்ளைக்கு இவ்வளவு செல்லம் ஆகாதுங்க. கையைக் காலை ஆட்டிட்டே இருந்தா ரெண்டே நிமிஷத்துல குளிர் பழகிடும். அடுத்த வாரம் ஃபிளாஸ்க் வரக்கூடாது.”

“அப்ப இவ இறங்கவே மாட்டாளே சார்.”

“இறங்கலைன்னா கூட்டிட்டுப் போயிருங்க. இடம் கேட்டுப் பத்துப் பேர் காத்துட்டிருக்காங்க.”

அடுத்த ஞாயிறு ஃபிளாஸ்க் வரவில்லை. கவிப்பிரியா கரையிலேயே உட்கார்ந்து, “குளிருது... குளிருது...” என்று அழுதாள்.

“இரு சாமி, வண்டியில துண்டு இருக்கு. எடுத்துட்டு வந்தர்றேன்” என்று வெண்மதி ஓடினாள்.

அம்மா தலை மறைந்ததும் அழுகை நின்றது. கவிப்பிரியா வழுக்கிக்கொண்டு நீருக்குள் போனாள். முங்கினாள். குமிழி விட்டாள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முங்கினாள்.

பக்கத்தில் நின்ற மாதேஸ்வரன் இடுப்பில் கையூன்றினார். “அடிக் கள்ளி! குளிரலையா உனக்கு?”

அதற்குள் அம்மா வரும் சத்தம் கேட்டது. கவிப்பிரியா விருட்டென்று கரையேறி, பழையபடி நடுங்க ஆரம்பித்தாள்.

“ஐயோ, நனைஞ்சு வேற போயிட்டியா?” வெண்மதி பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியதும், தானே படியிறங்கினாள்.

“பாரு கண்ணு, அம்மா இறங்கிட்டேன். ஒண்ணுமே இல்ல.” உதடு துடித்தது.

“நடுவுல போய்ப் பாரும்மா. அங்க குளிருதா?”

வெண்மதி நடுவுக்குப் போனாள். “இங்கயும் இல்ல சாமி!”

“கழுத்து வரைக்கும் உக்காந்து பாரு.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு வெண்மதி உட்கார்ந்தாள். “இ... இல்லவே இல்ல!”

“சரி, அப்ப வர்றேன்” என்று கவிப்பிரியா குதித்தாள்.

“பெத்தவளை என்ன பாடு படுத்துது பாருங்க!” என்று மரிய ஆனந்த் தலையில் அடித்துக்கொண்டார்.

கால் உதைக்கும் பயிற்சியின்போது மாதேஸ்வரன் அவள் காதருகே குனிந்தார்.

“பொய்தானே சொல்ற? உங்கம்மா பாவம் இல்லையா?”

கவிப்பிரியா அம்மா கேட்கிறாளா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“மொத நாளு அம்மா தண்ணியில ஒத்தக் காலை வெச்சுட்டு, ‘குளிருது, பயமா இருக்கு, வூட்டுக்குப் போயிரலாம்’னு அழுதாங்க சார். எனக்குக் குளிருதுன்னு சொன்னாத்தான், அவங்களுக்குக் குளிர்றது மறந்துபோவுது.”