இன்னொரு கோட்டிங்

“காயுற வரைக்கும் கூடத்துல யாரும் கால் வைக்கக் கூடாதும்மா. நீங்க பின்கதவு வழியாப் போய் வாங்க.”

மெருகேற்றிய கான்கிரீட் தரையில் ஈரம் இறங்காமலிருக்க சீலர் அடித்து முடித்திருந்தார் மேஸ்திரி.

“இங்க யாருப்பா வரப்போறா?” என்று சிரித்தாள் வீட்டுக்கார அம்மாள். தரை வேலைக்காகக் கூடத்திலிருந்து எடுத்து அவர் வாசலில் வைத்திருந்த பெரிய ஷூக்களைப் பார்த்து, “என் பையனோடது, வந்தா போட்டுப்பான்” என்றாள். அவற்றுக்குள் சிலந்தி வலை பின்னியிருந்தது.

மறுநாள் வந்த மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலிலிருந்து சமையலறை வரை ஷூ தடம்!

“தலைபாடா அடிச்சுக்கிட்டேனேம்மா!”

“பையன் வந்துட்டான்ப்பா. வந்தவனை வாசல்லயே நிக்கவைக்க முடியுமா?” அவள் முகமெல்லாம் சிரிப்பு.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். “வந்த தடம் இருக்கு. திரும்பிப் போன தடத்தைக் காணோமே?”

அவள் முந்தானையால் கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி விடுங்க, மெஷின் போட்டுத் தேய்ச்சா போயிடும்” என்று வாசலுக்குப் போனவர் அப்படியே நின்றார். அந்த ஷூக்களில் சிலந்தி வலையைக் காணோம். அடிப்பாகத்தில் சீலர் காய்ந்து மினுமினுத்தது.

“அவன் போனதைத்தான் வருஷக்கணக்காப் பார்த்துக்கிட்டிருக்கேனே” என்றாள் அவள், பின்னாலிருந்து. “வந்தது மட்டும் இருக்கட்டும்ப்பா.”

மேஸ்திரி மெஷினைத் தொடவில்லை. ரோலரை எடுத்தார்.

“இதுக்கு மேலயே இன்னொரு கோட்டிங் அடிச்சிடறேம்மா. எத்தனை தடவை துடைச்சாலும் போகாது.”