பாட்டுக்குள் ஓர் இரைச்சல்

"அப்பா வாறதுக்கு முந்தி பாட்டுக்குள்ள வாற இந்த ஒச்சைய இல்லாம ஆக்கித் தரணும் தம்பி."

காரைவிட்டு இறங்கும்போதே ரெஜிலா சொல்லிவிட்டாள். பாறசாலையில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருக்கும் அகிலேஷுக்கு வண்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரெஜிலாவின் அப்பா ராஜதாஸ் மாமாவின் பழைய கார்.

"மாமா எங்க?"

"சபைக் கூட்டத்துக்குப் போயாச்சு. அவரு இருந்தா வண்டியத் தொட விடமாட்டாரு."

முன் சீட்டில் ரெஜிலாவின் அம்மா ஞானபாய் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை வியாதி அவள் கண்ணைக் கொண்டுபோய் இரண்டு வருஷமாகிறது.

ரெஜிலா திரும்ப ஏறி, பாட்டைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். பாட்டோடு சேர்ந்து 'ஙீ...' என்று ஓர் இரைச்சலும் ஏறியது. காலை எடுத்ததும் இறங்கியது.

"கேட்டியா? அம்மைக்கு இனி உள்ள சந்தோஷம் கார்ல பாட்டுக் கேக்கது மட்டுமாக்கும். அதையும் இந்த லெட்சணத்துல கேக்கணும். அப்பா பஸ் டிப்போவுல எலக்ட்ரீஷியனா இருந்தவரு. ஊர்க்காரன் வண்டியெல்லாம் நோக்குவாரு. பெண்டாட்டிக்குச் செய்ய மட்டும் கை வராது. நான் கள்ளிக்காட்டுல மாப்பிள வீட்டுல இருந்து வாறப்போ எல்லாம் சொல்லுவேன். சிரிச்சிட்டுப் போயிருவாரு."

"எனக்கு இது போதும் மோளே" என்றாள் ஞானபாய்.

"நீ எப்பவும் அப்பாவத்தானே தாங்குவ."

அகிலேஷுக்குக் கோபமாகக்கூட இருந்தது. கண் தெரியாத மனைவிக்கு இதைக்கூடச் செய்யாத மனுஷன் சபைக் கூட்டத்தில் போய் என்னத்தைக் கிழிக்கிறார்?

வேலையைத் தொடங்கினான். எஞ்சின் ஓடும்போது வைப்பர், ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் ஒரு தினுசாக மாறியது.

"லைட்டு போட்டியா மக்கா?" என்றாள் ஞானபாய்.

ஸ்விட்ச் தட்டிய சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பேட்டரியின் நெகட்டிவிலிருந்து தனியாக ஓர் ஒயர் இழுத்து ஸ்டீரியோவின் உடம்பில் வைத்தான். இரைச்சல் நின்றது. அப்படியானால் கோளாறு எர்த்தில், கரண்ட் திரும்பிப் போகிற இணைப்பில்தான். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு தலையை விட்டவன், அப்படியே கிடந்தான்.

ஸ்டீரியோவின் சொந்த எர்த் ஒயரைக் கத்தரித்து, முனையில் பச்சை டேப் சுற்றியிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு நீள ஒயர், லைட்டும் வைப்பரும் இண்டிகேட்டரும் சேருகிற எர்த் போல்ட்டுக்குப் போயிருந்தது. அவற்றின் சத்தமெல்லாம் அந்த ஒயர் வழியாகத்தான் பாட்டுக்குள் ஏறியிருக்கிறது. கைதேர்ந்த வேலை. டேப்பின் நுனியைக்கூட அழகாக மடக்கி விட்டிருந்தது. ஒரு கோளாறை இத்தனை சுத்தமாகச் செய்து அவன் பார்த்ததில்லை. எவன் செய்தான், எதற்குச் செய்தான் என்று புரியவில்லை.

பழைய எர்த்தைச் சேர்த்தான். இரைச்சல் போயே போய்விட்டது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்போம் அக்கா."

ரெஜிலா ஓட்ட, அகிலேஷ் பின்னால் உட்கார்ந்தான். பாட்டு துல்லியமாகக் கேட்டது. ரெயில்வே ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஞானபாய் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

"பையப் போ மோளே."

"பையத்தான் போறேன்."

"எங்க திருப்புற? எதிர்ல வண்டி உண்டா? நிறுத்து மோளே, நிறுத்து."

ரெஜிலா ஓரமாக நிறுத்தினாள். அம்மாவின் முகமெல்லாம் வியர்வை.

"அந்த ஒச்சை எங்க?"

"அதத்தானேம்மா சரியாக்கியாச்சு."

ஞானபாய் கைப்பிடியை விடாமலே சொன்னாள்.

"கண்ணு போன பொறவு நான் வண்டியில ஏறவே இல்ல, ஓர்ம உண்டா? எப்ப திரும்பும், எப்ப நிக்கும்னு தெரியாது. பேடியில உயிரு போவும். சர்ச்சுக்குக்கூட போவாம கட்டில்லயே கிடந்தேன். பொறவு ஒரு நாளு அப்பா கெஞ்சிக் கூட்டிட்டுப் போனாரு. அண்ணைக்குத்தான் இந்த ஒச்சை கேட்டுது. ஏறினா வேகம். இறங்கினா நிறுத்தப் போறாரு. பாட்டுக்குள்ள டிக்கு டிக்குன்னு தட்டினா திருப்பப் போறாரு. வைப்பரு போட்டா வேற ஒச்சை, மழை வந்தாச்சு. லைட்டு போட்டா வேற ஒச்சை, இருட்டியாச்சு. அதுல எனக்கு ரோடு தெரியும் மோளே."

ஆயிரம் வண்டியில் அகிலேஷ் துரத்தியடித்த இரைச்சல்தான். அதை வைத்து ஒருத்தி ரோட்டையே பார்த்திருக்கிறாள்.

கடைக்குத் திரும்பியதும், இருந்தது இருந்தபடியே ஒயரை மாட்டினான். எஞ்சினைப் போட்டதும் 'ஙீ...' என்றது. ஞானபாய் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

அவள் கைத்தடி கீழே விழுந்து கிடந்தது. அகிலேஷ் எடுத்தான். பிடியில் பச்சை டேப். நுனி அழகாக மடக்கி விட்டிருந்தது.

"இத யாரு சுத்தித் தந்தது மாமி?"

"அவருதான். கைக்குத் தட்டுப்படட்டும்னு நுனிய மடக்கி விடுவாரு."

அவன் ரெஜிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினான்.

"இது தானா வந்த கோளாறு இல்லக்கா. மாமா உண்டாக்கின கோளாறாக்கும்."

ரெஜிலா அந்தப் பச்சை டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன் சீட்டிலிருந்து ஞானபாய் கூப்பிட்டாள்.

"மோளே, நான் பேடிச்சத அப்பாகிட்ட சொல்லாண்டாம், கேட்டியா. எனக்குப் பயம் எல்லாம் போயாச்சுன்னாக்கும் பாவம் அவரு நெனச்சிட்டிருக்கது."