ஏழு மணிக் குரல்

கடிகாரக் கடைக்குப் பின்னறையில் வானொலிப் பெட்டி மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கிறது. அதன் முகப்பில் மஞ்சள் வெளிச்சம், உள்ளே இரைச்சல். தினமும் மாலை ஏழு மணிக்குத் தலைநகர் நிலையத்திலிருந்து மணி சொல்லிச் செய்தி வாசிப்பவர் இந்த வீட்டு மாப்பிள்ளை. வாயைத் திறக்குமுன் லேசாக ஒருமுறை செருமுவார். அது தனக்காகத்தான் என்று பெட்டியருகே இருக்கும் அவர் மனைவிக்கு, இந்த வீட்டு மகளுக்கு, தெரியும். அங்கே நிலவரம் சரியில்லை என்று போன வாரம் அவளை ரயிலேற்றி அனுப்பியவரும் அவர்தான். கடைக்கும் அறைக்கும் நடுவே வாசற்படியில் அப்பா நிற்கிறார். மாப்பிள்ளை சொல்லும் மணிக்குத்தான் சுவரிலுள்ள பதினோரு கடிகாரங்களையும் அவர் தினமும் திருத்துவது. பதினொன்றும் முன்னே பின்னே ஏழு அடித்து ஓய்கின்றன. பெட்டியில் இரைச்சல் மட்டும். “ஸ்டேஷன் நழுவியிருக்கும், கொஞ்சம் திருப்பிப் பாரேன்,” என்கிறாள் பட்டாணி உரிக்கும் அம்மா. “அதெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு,” என்கிறாள் மகள். அம்மாவின் விரல்களும் நின்றுவிடுகின்றன.

பத்து நிமிடம் கழித்து ஒரு குரல் வருகிறது. செருமல் இல்லை. யாரோ புது ஆள். கையிலுள்ள தாள் படபடப்பதுகூடக் கேட்கிறது. “நேயர்களுக்கு வணக்கம். இப்போது நேரம் சரியாக மாலை ஏழு மணி. நகரில் முழு அமைதி நிலவுகிறது.” அப்பா பழக்கதோஷத்தில் முதல் கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளைப் பின்னுக்குத் தள்ள விரலை வைக்கிறார்.

“தொடாதீங்கப்பா,” என்கிறாள் மகள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்க கடிகாரம் சரியாத்தான் ஓடுது.”