பேட்டரி இல்லாத வண்டி

அப்பாவின் கடைசிக் கோடை, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள்தான் கழிந்தது. தகரக் கூரை அடுப்பு மாதிரி கொதிக்கும். கட்டிலுக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் உண்டு, ஓடாது. "பேட்டரி செத்துப்போச்சுப்பா, கழட்டியாச்சு. பேட்டரி இல்லாம இந்த வண்டியில ஒண்ணும் ஓடாது" என்று அண்ணன் கையை விரித்துவிட்டான். அப்பா ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அவர் படுத்திருந்த சூடு ஆறுவதற்குள் அண்ணன் வண்டியை விலைபேசினான்.

வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பேட்டரியே காணோமே. லைட்டு, ஃபேனெல்லாம் எப்படிங்க?"

"பேட்டரி எதுக்குங்க? உள்ள கன்வெர்ட்டர் இருக்கு. வீட்டு பிளக்குல இந்த ஒயரைச் சொருகினா போதும், எல்லாம் ஜம்முனு ஓடும்."

"சொருகினா போதுமாண்ணா?" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வந்தவர் கதவைத் திறந்தார். காலிக் கட்டிலுக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தலையணை உறையின் ஓரம் மெல்லப் படபடத்தது.

"அட, போட்டே வெச்சிருக்கீங்களா! நல்லாத்தான் காத்து வருது" என்றார் அவர், சந்தோஷமாக.

ஒயர் அண்ணன் கையில் இருந்தது. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

அவன் உள்ளே ஓடி சுவிட்சைத் தட்டினான். மறுபடி தட்டினான். ஃபேன் நிற்கவில்லை.

"விடுண்ணா" என்றேன். "அப்பாவுக்கு வேர்க்கும்."