குஞ்சு பொரிக்கும் மாதங்கள்

பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் அந்தக் கண்மாய்க்கரை ஊரில் யாரும் உரக்கப் பேசக் கூடாது. எந்த வீட்டில் சத்தம் என்பதைத் தெருக்கம்பத்துக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். வளர்மதியின் கைக்குழந்தையோ ஓயாமல் அழுதது. தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் எவ்வளவு நடந்தாலும் அடங்கவில்லை.

அன்று காலை அவள் கணவன் அழகர் தலைகுனிந்து வந்தான். அவ்வூர்ப் பறவைகள் சரணாலயத்தில் காவலர் அவன்.

"நம்ம வீட்டுப் பக்கத்து மரத்துல இருந்த நாரையெல்லாம் கூட்டை விட்டுப் போயிருச்சு. முட்டைய காக்கா கொத்திருச்சு. குஞ்சுக பறக்குற வரைக்கும் புள்ளைய வெளியூர்ல வச்சுக்கணுமாம். உத்தரவு வந்திருக்கு."

"யாருங்க போட்டது?"

அவன் சுவரைப் பார்த்தான். "நாந்தான் கேட்டு வாங்குனேன். ஒடஞ்சு கெடந்த முட்டையப் பாத்துட்டு மனசு கேக்கல, வளரு."

கத்த வாயெடுத்தவள் வெளியே கம்பத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். துணிகளைப் பையில் திணித்தாள். அவன் நீட்டிய கையில் பையைக் கொடுக்காமல் தானே சுமந்துபோய்ப் பேருந்தில் ஏறினாள்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் ஓட்டுநர் ஆசைதீர ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்திலும் குழந்தை மடியில் அயர்ந்து தூங்கியது. வளர்மதி மட்டும் வாய்விட்டு அழுதாள்.